கறுத்த திரைக்குப் பின்னே: திருவேங்கடம் வட்டாரத்துக் கணினி மாணாக்கர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும்,

சென்ற இரண்டு மாத காலத்தில், நம் திருவேங்கடம் கடைத்தெருவிலும், பேருந்துக்குக் காத்திருக்கும் இடத்திலும், ஒரு முறை சங்கரன்கோவில் போகும் பேருந்துக்குள்ளே கம்பியைப் பிடித்து நின்றபடியேயுங்கூட, உங்களில் ஏழெட்டுப் பேர் மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு என்னிடம் வந்து, ‘அண்ணாச்சி, நேத்து ராத்திரி அப்டேட் குடுத்தேன், காலையில ஒண்ணுமே வரல, கறுப்பாவே நிக்கிது’ என்று, வீட்டில் ஏதோ துக்கம் நிகழ்ந்துவிட்டாற்போன்ற குரலில் சொன்னதுண்டு. அவர்களுள் சிலர் நான் பார்ப்பதற்கு முன்னரே வேறொருவரிடம் காட்டியிருந்தார்கள். அந்த வேறொருவரும், நாடி பாராமலே கஷாயம் எழுதிக் கொடுக்கும் வைத்தியரைப் போல, ‘ஃபார்மட் அடிச்சிருவோம்’ என்ற ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லி, அரைமணி நேரத்தில் வட்டைத் துடைத்துக் கையில் கொடுத்தனுப்பியிருந்தார். அவ்வாறு துடைக்கப்பட்ட ஒரு கணினியில் ஒரு மாணவியின் இறுதியாண்டு ஆய்வேட்டில் பாதி இருந்தது. அது அழியவேண்டிய காரணம் ஒன்றுமே இருந்திருக்காது என்பதை அவளிடம் சொல்லும் தைரியம் அன்று எனக்கு வரவில்லை. சொல்லாமல் விட்டதற்குப் பிராயச்சித்தமாகவே இம்மடலை உங்கள் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வாக்கியம் போதும். தந்தி இலாகாவில் கட்டையைத் தட்டிப் பழகி, பிறகு டெலிபிரிண்டருக்கு மாறி, 2013 ஜூலையில் தந்திச் சேவையே நாட்டில் மூடப்பட்டபோது, அதற்கு முன்னரே வேறு மேசைக்கு மாற்றப்பட்டுவிட்ட கிழவர்களில் ஒருவனாய் இருந்து அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்தவன் நான். படமே இல்லாமல் வெறும் எழுத்துகளைக் கொண்டு யந்திரத்தோடு பேசுவது எனக்கு அச்சத்தைத் தருவதில்லை என்றால், அது என் சாமர்த்தியத்தால் வந்ததன்று. தொழிலால் வந்த மரத்துப்போதல்.

லினக்ஸ் நமக்குப் புதிய சரக்கன்று. 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது, உங்கள் அண்ணன்மாரும் அக்காமாரும் பெற்ற அந்தக் கணினிகளில், விண்டோஸுக்குப் பக்கத்து அறையில், சி-டாக் நிறுவனத்தின் சென்னைக் கிளையார் டெபியனை அடியொற்றி அமைத்த பாஸ் லினக்ஸும் குடியிருந்தது. அதற்கும் சில ஆண்டுகள் முன்னே, எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராய் இருந்த சி. உமாசங்கர், அந்நிறுவனத்தின் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியிருந்தார். ஆயினும் நான் கண்டவரையில் நம்மவர்கள் பெரும்பாலோர் அந்த இரண்டாவது அறையை ஒரே ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, பிறகு இடம் போதவில்லை என்று இடித்துத் தள்ளிவிட்டார்கள். இப்பொழுதோ, 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கு அளித்துவந்த ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டதும், பதினோராம் பதிப்பு கேட்கும் தகுதிகள் தம் பழங்கணினிக்கு இல்லை என்று கண்டவர்கள், லினக்ஸ் மின்டையும் உபுண்டுவையும் தாமாகவே தேடிப் போகிறார்கள். அன்றைக்கு வேண்டாத விருந்தாளியாய் வந்தவர் இன்றைக்கு வீட்டுக்காரராகிவிட்டார். வீட்டுக்காரர் ஆகிவிட்டவரின் சுபாவத்தை அறிந்துகொள்ளாமல் குடித்தனம் நடத்த முடியாது என்பதே நான் சொல்ல வந்த விஷயம்.

கோயிலில் அலங்கார வேளையில் சந்நிதிக்கு முன்னே திரை போட்டிருக்கும்பொழுது, ‘சாமி போய்விட்டது’ என்று சொல்லி யாரும் வீட்டுக்குத் திரும்புவதில்லை. உள்ளே காரியம் நடந்துகொண்டிருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். நம் மொழி என்ன முன்யோசனையோடு செய்ததோ, கணினியின் முகத்துக்கும் அந்தத் துணிக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. மேம்படுத்தலுக்குப் பிறகு திரை கறுத்து நிற்கும் நூறு கணினிகளில் உங்கள் கோப்புகள் உண்மையிலேயே அழிந்திருப்பவை மிகச் சிலவே. ஏனெனில், மேம்படுத்தல் என்பது நிரல்களை மாற்றுகிறதேயன்றி, உங்கள் படங்களும் பாடக்குறிப்புகளும் இருக்கும் இல்ல அடைவைத் தொடுவதில்லை. படம் காட்டும் பகுதிதான் எங்கோ ஓரிடத்தில் தடுக்கி நிற்கிறது.

அந்த ‘எங்கோ ஓரிடம்’ எது என்று கேட்பதிலேதான் வைத்தியம் முழுவதும் அடங்கியிருக்கிறது. நம் கரிசல் காட்டுச் சம்சாரி ஒருவர் விடியற்காலையில் கிணற்றடிக்குப் போய், சுவிட்சைப் போட்டு, தொட்டியில் தண்ணீர் விழாததைக் கண்டால், மோட்டாரைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்று வாங்கப் புறப்படுவதில்லை. முதலில் மூன்று பேஸும் வருகின்றனவா என்று டெஸ்ட் லாம்பை வைத்துப் பார்க்கிறார். வந்தால் பீஸ் கட்டையைப் பார்க்கிறார். அதுவும் சரியாய் இருந்தால் ஸ்டார்ட்டரைத் திறக்கிறார். மோட்டார் சுழல்கிறது, ஆனால் தண்ணீர் ஏறவில்லை என்றாலோ, மின்சாரத்தின் மேலிருந்த சந்தேகத்தை அந்த ஒரே செய்தி பெரும்பாலும் நீக்கிவிடுவதால், நேரே கிணற்றுக்குள் இறங்கி புட்வால்வைப் பார்க்கிறார். இவ்வளவையும் அவர் எந்தக் கல்லூரியிலும் கற்றவரல்லர். ஆனால் இதே சம்சாரியின் மகன், பொறியியல் பட்டம் படிக்கிறவன், தன் கணினி நின்றவுடனே மோட்டாரைக் கிணற்றுக்குள் போட்டுவிடுகிறானே என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

கணினிக்கும் அப்படியே வரிசை உண்டு. பொத்தானை அழுத்தியதும் முதலில் கண் விழிப்பது பலகையிலேயே பொறிக்கப்பட்ட யுஇஎஃப்ஐ. கணினி செய்த கம்பெனியின் சின்னம் தோன்றும் வேளை அது. அது கிரப் என்னும் ஏற்றியை எழுப்புகிறது. கிரப் கெர்னலையும், அதற்குத் துணையாகச் சின்னஞ்சிறு தற்காலிகக் கோப்புத் தொகுதி ஒன்றையும் நினைவகத்தில் இறக்கி வைக்கிறது. கெர்னல் வன்பொருளைத் தன்வசம் எடுத்துக்கொண்டு சிஸ்டம்-டி என்னும் மேற்பார்வையாளரை எழுப்ப, அவர் ஒவ்வொரு சேவையாகத் தொடங்கி, இறுதியில் லைட்-டிஎம், ஜி-டிஎம், எஸ்-டிடிஎம் என்று பலவாறாக வழங்கும் வாயிற்காப்போனிடம் திரையை ஒப்படைக்கிறார். பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறவர் அவரே. அவர் திருப்தியடைந்த பிறகுதான் சின்னமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ முதலான மேசைத்தளங்கள் வந்து, நீங்கள் ‘கணினி’ என்று பிரமை கொண்டிருக்கும் அந்தப் படத்தை வரைகின்றன. இத்தனை கைகள் மாறி வரும் காரியத்தில் ஏதோ ஒரு கை தவறினால், மற்றக் கைகள் எல்லாம் செத்துப்போயின என்று எப்படிச் சொல்வது?

ஆகவே, திரை கறுத்தவுடன் முதலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். கம்பெனிச் சின்னமே தோன்றவில்லையென்றால் லினக்ஸின் மேல் பழி போடுவதற்கில்லை. சின்னம் தோன்றி மறைந்த பின் இருள் என்றால், கேப்ஸ் லாக் விசையை அழுத்துங்கள். அதன் சிறு விளக்கு உங்கள் விரலுக்கு அடங்கி ஏறி இறங்குமானால் கெர்னல் உயிரோடிருக்கிறது, சங்கடம் மேலேதான். விளக்கு நீங்கள் தொடாமலே தானாகச் சிமிட்டிக்கொண்டிருந்தால் கெர்னலே பீதியடைந்து நின்றுவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அந்த நிலைக்கு ஆங்கிலத்தில் வைத்திருக்கும் பெயரே ‘பீதி’ என்னும் பொருளுடையதுதான். கடவுச்சொல் கேட்கும் பலகை தோன்றி, சரியான சொல்லைக் கொடுத்தும், ஒரு கணம் கறுத்து, மீண்டும் அதே பலகைக்கே திரும்பி வருமானால், வாயிற்காப்போன் வரையில் எல்லோரும் சுகம். உள்ளே போகும் வழியில்தான் ஏதோ கிடக்கிறது. சுவர்ப்படம் வந்து, கீழ்ப்பட்டை வராவிட்டால், கோளாறு அதற்கும் அப்பால், மேசைத்தளத்திலேயே, அல்லது அதற்கு நீங்கள் அணிவித்த ஏதோ ஓர் அலங்காரத் துணைநிரலில் இருக்கிறது. பார்த்தீர்களா, ஒரு கட்டளையும் அடிக்காமலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

கெர்னல் இடத்திலே சந்தேகம் என்றால் பரிகாரம் மிக எளிது. அதை அறியாமல் தவிக்கிறவர்கள்தாம் அதிகம். புதிய கெர்னலை நிறுவும்பொழுது டெபியன் குலத்து லினக்ஸ்கள் முந்தையதை உடனே துரத்திவிடுவதில்லை. மருமகள் வந்தாலும் மாமியார் திண்ணையில் இருக்கிறார். கணினியைத் தொடங்கும் வேளையில் எஸ்கேப் விசையைத் தட்டினால் (மிகப் பழைய கணினியானால் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டிருந்தால்) கிரப்பின் பட்டியல் வெளிப்படும். அதில் மேல்நிலைத் தேர்வுகள் என்ற வரிக்குள் புகுந்து, எண்ணில் சிறியதான பழைய கெர்னலைத் தேர்ந்தால், பத்துக்கு ஏழு தடவை, நேற்றிருந்த கணினி அப்படியே எழுந்து வரும். கணக்கு என் அனுபவத்தைச் சேர்ந்தது; சாஸ்திரமாகக் கொள்ளவேண்டாம்.

இங்கே என்விடியா அட்டை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அக்கம்பெனியின் சொந்த இயக்கி, கெர்னலோடு பிறந்த பிள்ளையன்று; ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் ஏற்றவாறு அதன் ஒரு பகுதியைப் புதிதாகத் தைத்துக்கொள்ளவேண்டும். தைப்பதற்கு வேண்டிய தலைப்புக் கோப்புகள் இல்லாவிட்டாலோ, தைத்த சட்டையைப் பாதுகாப்புத் தொடக்கம் (செக்யூர் பூட்) என்னும் காவற்காரர் முத்திரையில்லை என்று மறுத்தாலோ, திரை கறுத்துவிடும். லினக்ஸைத் தோற்றுவித்த லினஸ் டோர்வால்ட்ஸே 2012ஆம் ஆண்டு ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக மேடையில், இக்கம்பெனியாரை நோக்கி, பெரியவர்கள் முன்னிலையில் காட்டத்தகாத ஒரு சைகையைக் காட்டினார் என்பது உலகறிந்த செய்தி. பத்தாண்டு கழித்து, 2022 மே மாதத்தில், அவர்கள் தம் கெர்னல் பகுதியின் மூலநிரலைத் திறந்து வெளியிட்டார்கள். சைகைக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டென்று நான் சொல்லவில்லை. உங்களுக்கு வேண்டிய உபாயம் இதுவே: கிரப்பில் ‘நோமோட்செட்’ என்ற ஒரு சொல்லைத் தற்காலிகமாகச் சேர்த்துத் தொடங்கினால், மங்கலான படத்தோடாவது உள்ளே நுழையலாம், நுழைந்தபின் இயக்கியை மீண்டும் நிறுவிக்கொள்ளலாம்.

அடுத்த காரணத்தை நான் என் சொந்தத் தலையில் அடித்துக்கொண்டு கற்றேன். மூன்று வருஷங்களுக்கு முன், ஒரு கோடை மாலையில், மேம்படுத்தல் பாதி நடந்துகொண்டிருக்க, மின்சாரம் போயிற்று. என் பழைய கணினியின் பாட்டரியோ என்னைப் போலவே, நிற்கச் சொன்னால் உட்காரும் வயதை எட்டியிருந்தது. மறுநாள் இடது மூலையில் ஒரு சிறு கோடு மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது. நானும் உங்களைப் போலவே முதல் ஐந்து நிமிஷம் வெலவெலத்துப் போனேன். பிறகு, கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு எஃப்3 விசையைத் தட்டினேன். கறுப்புப் பின்னணியில் வெள்ளெழுத்தில் முனையம் திறந்து, பெயரைக் கேட்டது. இங்கே உங்களுக்கு ஓர் எச்சரிக்கை: முனையத்தில் கடவுச்சொல்லைத் தட்டும்பொழுது நட்சத்திரமோ புள்ளியோ எதுவும் தோன்றாது, விசைப்பலகை செத்துவிட்டது என்று எண்ணி அநேகர் இந்த இடத்திலேயே திரும்பிவிடுகிறார்கள். பார்வையற்றவர் நம்பிக்கையோடு படியிறங்குவதுபோல் தட்டி முடித்து எண்டரை அழுத்துங்கள்.

உள்ளே போய்ப் பார்த்தால், டிபிகேஜி என்னும் பொதி (நிரல் மூட்டை) நிர்வாகி, நாணயமான கணக்குப்பிள்ளையைப் போல, எந்தப் பொதியைப் பிரித்தோம், எதைப் பாதி அமைத்தோம், எது காத்திருக்கிறது என்றெல்லாம் மின்சாரம் போன அந்த நொடி வரையில் எழுதி வைத்திருந்தது. விட்ட இடத்திலிருந்து அமைத்து முடி என்ற ஒரு கட்டளையும், முறிந்த சார்புகளைச் சரிசெய் என்ற இன்னொரு கட்டளையும் கொடுத்தேன். பதினைந்து நிமிஷம் எழுத்துகள் அருவிபோல் ஓடின. மறுதொடக்கத்தில் மேசைத்தளம் ஒன்றும் நடவாததுபோல் வந்து நின்றது. (கட்டளைகளின் எழுத்துகளை இம்மடலில் நான் வேண்டுமென்றே எழுதவில்லை. காதால் கேட்டும் நினைவால் தட்டியும் ஓர் இடைவெளி பிழைத்தால் அர்த்தம் அனர்த்தமாகும் இனம் அது. பெரிய எழுத்தில் தனித்தாளாக அச்சிட்டு வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் ஒன்று எடுத்துப்போகலாம்.)

கடவுச்சொல் பலகைக்கே திரும்பத் திரும்ப வந்து சேரும் அந்தச் சுழலைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் என்னிடம் வந்த ஏழெட்டில் மூன்று அவ்வகையே. இதற்குக் காரணம் பெரும்பாலும் சிரிப்புக்கிடமான எளிமையுடையது: வட்டில் இடமில்லை. சினிமாப் படங்களை ஒரு புறம் நிரப்பி, மற்றொரு புறம் மேம்படுத்தல் தானும் சில நூறு மெகாபைட்டுகளைக் கொண்டுவந்து கொட்ட, உள்ளே நுழையும்பொழுது எழுதவேண்டிய ஒரு சிறு அனுமதிச் சீட்டை எழுதக்கூட இடமின்றி, கணினி உங்களை வாசலிலேயே திருப்பியனுப்புகிறது. முனையத்தில் நுழைந்து மிச்ச இடத்தைக் கேட்டால் நூற்றுக்கு நூறு நிரம்பியது என்று சொல்லும். பொதிகளின் பழைய மூட்டைகளைத் துப்புரவு செய்தால், தீர்ந்தது. தொடக்கக் கோப்புகளுக்கென்று தனிச் சிறு பிரிவு வைத்திருப்பவர்களுக்கு, பழைய கெர்னல்கள் சேர்ந்து அந்தப் பிரிவு மட்டும் நிரம்பிப்போவதும் உண்டு. இடம் இருந்தும் சுழல் தீரவில்லையென்றால், அந்த அனுமதிச் சீட்டுக் கோப்பின் உடைமை யாருடையது என்று பாருங்கள்: சூடோ என்னும் நிர்வாகி அதிகாரத்தைப் போட்டுப் படநிரலைத் திறக்கும் கெட்ட பழக்கமுள்ளவர்கள் வீட்டில், அது நிர்வாகியின் பெயருக்குப் பட்டா மாறிப்போயிருக்கும். பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்ற ஒரு வரி போதும். வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடக்கவேண்டியதில்லை.

இனி, ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை வைத்திருப்பவர்களின் விசேஷத் துன்பத்துக்கு வருகிறேன். நம் சங்கரன்கோவிலில், சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்னும் இரண்டு நாகர்கள் வாதாட, கோமதியம்மை தவமிருந்து, இருவரும் ஒரே திருமேனியில் பாதி பாதியாகக் காட்சி தந்த கதையை நீங்கள் ஆடித்தபசு தோறும் கேட்டு வளர்ந்தவர்கள். கணினியிலும் அப்படிச் சங்கரநாராயண ரூபம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இங்கே நாகர்களின் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. 2024 ஆகஸ்ட் 13 அன்று வந்த விண்டோஸ் மேம்படுத்தல் ஒன்று, பழைய, பலவீனமான தொடக்க ஏற்றிகளைத் தடைசெய்யும் நல்லெண்ணத்தோடு, அவற்றின் தலைமுறை எண்ணைச் சோதிக்கும் எஸ்பாட் என்னும் விதியைக் கணினியின் பலகையிலேயே எழுதிவிட்டுப் போயிற்று. இரட்டைக் குடித்தனம் உள்ள கணினிகளை அது விட்டுவிடும் என்று சொல்லப்பட்டிருந்தும், பல இடங்களில் அடையாளம் காணத் தவறிற்று. விளைவு, விண்டோஸைத்தான் மேம்படுத்தினார்கள், நின்றது லினக்ஸ். ஏதோ மிக மோசமாகத் தவறிவிட்டது என்ற ஒற்றை ஆங்கில வாக்கியத்தைக் காட்டிவிட்டுக் கணினி அணைந்துபோகும். பாதுகாப்புத் தொடக்கத்தைத் தற்காலிகமாக நிறுத்தி, லினக்ஸுக்குள் நுழைந்து, அந்த விதியை அழித்து, மீண்டும் பாதுகாப்பை இயக்குவதே அன்றைக்குக் கண்ட உபாயம்; மைக்ரோசாஃப்ட்டின் பக்கத்திலிருந்து பரிகாரம் முற்றிலும் வந்து சேர 2025 மே மாதம் ஆயிற்று. அந்த விதி எவருடைய கோப்பிலும் ஓர் எழுத்தையும் தொடுவதன்று; அவசரப்பட்டு ஃபார்மட் அடித்தவர்கள்தாம் இழந்திருப்பார்கள்.

இதைப் படித்துவிட்டு, மேம்படுத்தலே ஆபத்து, ஆகவே அதைத் தொடாமலே இருந்துவிடலாம் என்று தீர்மானிக்கிறவர்களும் உங்களில் இருப்பீர்கள். அது, அம்மை குத்தியதில் காய்ச்சல் வந்தது என்பதற்காகக் குத்துவதையே விடுவதற்கு ஒப்பாகும். தவறுகள் நேர்வது உண்மை. 2006 ஆகஸ்டில் உபுண்டுவின் 6.06 பதிப்புக்கு வந்த எக்ஸ் சர்வர் மேம்படுத்தலொன்று பலருடைய மேசைத்தளத்தை இருட்டாக்கி, வெறும் முனையத்தில் நிறுத்தியது; விரைவிலேயே திருத்தம் வந்தது; முனையத்தில் இரண்டு வரி தட்டத் தெரிந்தவர்கள் திருத்தத்தை வாங்கி எழுந்தார்கள். லினக்ஸுக்கே உரிய சாபம் என்றும் எண்ணவேண்டாம்: 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் நிறுவனத்தின் காவல் நிரலுக்கு வந்த பிழையான ஒரு கோப்பு, ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியபோது, நம் நாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில் விமானமேறும் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அழகான கையெழுத்து என்று சிலர் படம் பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் யந்திரம் கூவிச் சொல்லியும் நாம் கேளாத தவறு ஒன்று உண்டு. அதற்குப் பெயர் பெற்ற உதாரணம் கானடா தேசத்து லினஸ் செபாஸ்டியன். கணினி விமர்சனத்தையே தொழிலாகக் கொண்ட அவர், 2021ஆம் ஆண்டு, பாப்-ஓஎஸ் என்னும் லினக்ஸில் ஸ்டீம் என்னும் விளையாட்டு நிரலை நிறுவப் போனார். பொதிகளின் சார்பில் ஏதோ பிணக்கு. நிறுவினால் இன்றியமையாத பொதிகள் நீக்கப்படும், என்ன செய்கிறோம் என்று தெரியாவிட்டால் வேண்டாம், தெரிந்தேதான் செய்கிறேன் என்றால் நான் சொன்னபடி செய் என்னும் பொருளுள்ள முழு வாக்கியத்தை எழுத்துக்கு எழுத்துத் தட்டுங்கள் என்று கணினி கேட்டது. அவர் தட்டினார். மேசைத்தளமே போயிற்று. பிற்பாடு பாப்-ஓஎஸை அமைத்தவர்கள், பயனர் அவ்வளவு எளிதில் அப்படிச் செய்யமுடியாதபடி மாற்றினார்கள். அவர்கள் பக்கமும் தவறிருந்தது. இருந்தாலும், கோடிக்கணக்கானவர் பார்க்கும் மனிதரே எச்சரிக்கையைப் படியாமல் தாண்டினார் என்றால், திருவேங்கடத்தில் செல்போன் வெளிச்சத்தில் ‘ஒய்’ விசையைத் தட்டிக்கொண்டே போகும் உங்களை நான் எப்படிக் கோபிப்பேன்? மேம்படுத்தும்பொழுது, ‘நீக்கப்படும்’ என்ற தலைப்பின் கீழ் உங்கள் மேசைத்தளத்தின் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு ஒய் தட்டுங்கள். நான் கேட்பது அவ்வளவே.

ஆங்கிலம் புரியவில்லை என்பீர்கள். அதில் நியாயமுண்டு, நான்கு பக்கம் ஓடும் பதிவேட்டில் எது நோய், எது சும்மா முணுமுணுப்பு என்று அறிவது எனக்கும் சிரமமே. ஆயினும் பதிவேட்டை முழுதும் படிக்கவேண்டியதில்லை. சென்ற முறை தொடங்கியபோது நிகழ்ந்த பிழைகளை மட்டும் காட்டு என்று ஜர்னல் என்னும் அந்தப் பதிவேட்டைக் கேட்கலாம். எந்த நாள், எந்த மணிக்கு, எந்தெந்தப் பொதி மாறிற்று என்பதை ஆப்ட் என்னும் பொதி நிறுவி தன் சரித்திரக் கோப்பில் வரிசையாய் வைத்திருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்தால் குற்றவாளியின் பெயர் இரண்டிலும் இருக்கும். தமிழில் அடிப்படையைக் கற்க விரும்புவோர்க்கு, 2012 முதல் நடந்துவரும் ‘கணியம்’ இதழின் வெளியீடாக து. நித்யா எழுதிய ‘எளிய தமிழில் க்னூ/லினக்ஸ்’ இரண்டு பாகங்களும் விலையின்றிக் கிடைக்கின்றன. அந்த நூல்களில் எனக்குப் பிடித்தது, கட்டளைகளைப் பற்றி ஒரு தாய்மொழிக்காரி சமையற்கட்டில் நின்று சொல்வதுபோல் சொல்லும் பாங்கு.

எல்லாம் செய்தும் எழவில்லையென்றால், அப்பொழுதுங்கூட, துடைப்பது இரண்டாவது காரியம். ஒரு பென் டிரைவில் லினக்ஸ் மின்டை எழுதி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கினால், உங்கள் வட்டு, வெளியூர் விருந்தாளி வந்து வீட்டைத் திறந்து பார்ப்பதுபோல், உள்ளது உள்ளபடி தெரியும். இல்ல அடைவு முழுவதையும் வேறொரு வட்டில் நகலெடுத்துக்கொண்ட பிறகு துடைப்பதானால் துடையுங்கள், நான் தடுக்கவில்லை. அதற்கும் முந்திய யோசனையுடையவர்களுக்கு டைம்ஷிஃப்ட் இருக்கிறது: டோனி ஜார்ஜ் என்பவர் ஆக்கியது, 2022இலிருந்து மின்ட் அமைப்பினரே பராமரித்து வருகிறார்கள். மேம்படுத்தலுக்கு முன் ஒரு சொடுக்கில் அமைப்பு முழுவதையும் நிழலெடுத்து வைத்துக்கொண்டால், பிற்பாடு இருட்டானாலும் நேற்றைக்கே திரும்பிப் போய்விடலாம். ஆனால் அது உங்கள் சொந்தக் கோப்புகளை, நீங்களாகக் கேட்டாலொழிய, நிழலெடுப்பதில்லை; ஆய்வேட்டைத் தனியாக வேறிடத்தில் வைப்பது உங்கள் பொறுப்பு. இதை அந்த மாணவிக்கு ஒரு மாதம் முன்னே சொல்லியிருக்கவேண்டும்.

உதவி கேட்டு வருகிறவர்களிடம் எனக்கு ஒரு பிரார்த்தனை. ‘போச்சு’ என்று வராதீர்கள். கடைசியாகச் சரியாய் ஓடியது எப்பொழுது, அதன்பின் என்ன மாற்றினீர்கள், எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று மூன்று வரி எழுதி, திரையில் வந்த வாசகத்தைச் செல்போனில் படமெடுத்துக் கொண்டு வாருங்கள். தந்தி இலாகாவில் லைன் அறுந்தால், ‘லைன் இல்லை’ என்று சொன்னவனை எவரும் மதிக்கமாட்டார்கள்; நடு ஸ்டேஷனைக் கூப்பிட்டு, இந்தப் பக்கம் பேசுகிறது, அந்தப் பக்கம் பேசவில்லை என்று சொன்னவனுக்குத்தான் லைன்மேன் சைக்கிளை எடுப்பான்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை பத்து மணிமுதல் என் வீட்டுத் திண்ணையில் இருப்பேன். சார்ஜரை மறவாமல் கொண்டுவாருங்கள். இருந்தால் எட்டு ஜிபி பென் டிரைவும். வருகிற வழியில் பேருந்தில் உட்கார்ந்து, ‘போகிறதுக்குள்ள ஒரு அப்டேட் போட்டுருவோம்’ என்று மட்டும் பொத்தானை அழுத்திவிடாதீர்கள். அம்மாணவியும் சென்ற வாரம் வந்திருந்தாள். ஆய்வேட்டின் அந்தப் பாதியை மீண்டும் எழுதிக்கொண்டிருக்கிறாளாம், இந்த முறை இரண்டு பென் டிரைவில்.

இங்ஙனம்,
உங்கள் அண்ணாச்சி,
ஓய்வுபெற்ற தந்தி ஊழியன்,
திருவேங்கடம்.